வேலியும் கன்னிமூலையும்

கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், ஒரு நாள் காலை காப்பி கலந்துகொண்டிருந்தபோது பின்னறையிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "வேலி கேறியாச்சு, கேட்டேளா."

நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என் காதுக்கு வேலி என்றால் முள்ளும் கம்பியும்தான். எவனோ வேலி ஏறிக் குதித்துவிட்டான் என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்கு ஓடினேன். அங்கே வேலியே கிடையாது, சுவர்தான் இருந்தது. அதன்மேல் படுத்திருந்த பூனை என்னைக் கண்டதும் எழுந்து போனது. திரும்பி வந்தால், பின்வாசலில் கணுக்கால் தண்ணீரில் நின்றபடி மாமனாரும் என் கணவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கடலோதம் ஏறிக் காயலில் நீர் உயர்வதற்கு மலையாளத்தில் வேலியேற்றம் என்று பெயர். வடிந்தால் வேலியிறக்கம். அதை எனக்கு விளக்கிவிட்டு மாமனார் விளக்குமாற்றைப் பார்த்தார். "அடிச்சு விரட்டு. போறதான்னு பாப்போம்."

அந்தக் கேலி இன்றுவரை ஓயவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் சாயா முடிவதற்குள் அந்தக் கதை வந்துவிடும். பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பம் இவர்களுடையது. பாதி மலையாளம் கலந்த இவர்கள் தமிழை நான் கேலி செய்ய, நான் மலையாளம் கற்றுக்கொண்ட லட்சணத்தை இவர்கள் கேலி செய்ய, அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

வீடு மேற்கே தெருவைப் பார்த்து நிற்கிறது. கிழக்கே கொல்லைப்புறம் என்று ஒன்று கிடையாது, காயல்தான். பின்வாசலைத் திறந்தால் சில கருங்கல் படிகள். கடைசிப் படி எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும். எதிரே வெலிங்டன் தீவு. அங்கே ஒரு கிடங்கின் அலுவலகத்தில் மாமனார் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு அதே தீவை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதை வேலையாக்கிக்கொண்டார். மாமியார் போனபின் அந்தப் பின்னறையும் அதன் ஜன்னலும்தான் அவருக்கு எல்லாம். கட்டிலைக்கூட ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தார்.

அந்த ஜன்னலுக்கு அனேகமாகத் தினமும் ஒரு விருந்தாளி உண்டு. நீர் வடிந்திருக்கும் வேளையில் ஒரு சேச்சி வந்து, எங்கள் படிக்கட்டோரம் மோவாய் நனையும்படி தண்ணீரில் குந்தி, கல்லிடுக்குகளில் கைவிட்டுத் தடவிக் கரிமீன் பிடிப்பார். பக்கத்தில் ஒரு அலுமினியப் பாத்திரம் மிதக்கும். அது ஓடிப்போகாமல் இருக்க அதன் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார். மாமனார் முட்டையைக்கூடத் தொடாதவர். ஆனாலும் ஜன்னல் வழியாக, "இன்னு எந்து கிட்டி?" என்று அன்றைக்குக் கிடைத்ததை விசாரிக்காமல் இருக்கமாட்டார். வாயில் கயிறு இருப்பதால் சேச்சி பதில் பேசாமல் மீனைத் தூக்கிக் காட்டுவார். "பேஷ்" என்பார் இவர். இவ்வளவுதான் அவர்கள் சிநேகிதம், ஆனால் அது ஒரு நாள் நடக்காவிட்டால் இவருக்குச் சாப்பாடு இறங்காது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காயலில் யாராவது ஒரு பிளாஸ்டிக் பையை வீசினால் போதும், படியில் நின்று கத்துவேன். சுற்றுலாப் படகிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை எறிந்தவரை அவர் திரும்பக் குனிந்து எடுக்கும்வரை விட்டதில்லை. மூங்கில் கழியில் வலை கட்டி, படியோரம் ஒதுங்கும் குப்பையைத் தினமும் அள்ளிப் போடுவேன். அக்கம்பக்கத்தில் எனக்குக் காயல் போலீஸ் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் ஒரு பழைய வேடிக்கையும் நடந்துகொண்டிருந்தது. வேலி ஏறும் நேரத்தில் எங்கள் கக்கூஸ் பேசும். பீங்கானுக்குள்ளிருந்து களகளவென்று குமிழி வரும், ஊற்றிய தண்ணீர் இறங்காது. "கக்கூஸ் சொல்லியாச்சு, இனிமே அரை மணியில தண்ணி படியேறும்" என்று மாமனார் அறிவிப்பார். பஞ்சாங்கம் பொய்த்தாலும் அது பொய்க்காது. விருச்சிக மாதத்து, அதாவது நம் கார்த்திகை மாதத்து, வேலியேற்றம் இப்போதெல்லாம் சமையலறை வரைக்கும் வந்துவிடுகிறது. அந்த நாட்களில் கக்கூஸ் காலை முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும். நாங்களும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், சேச்சி எங்கள் படிக்கு வருவதை நிறுத்திவிட்டார். தள்ளி, நாலு வீடு தாண்டி, பழைய பண்டகசாலையின் உடைந்த சுவரோரம் குந்தினார். ஜன்னலிலிருந்து அவர் பாத்திரம் மட்டும்தான் தெரியும். மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. "நீ ஏதாவது கத்தினயா அவளை?" என்று என்னைக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் கத்தாத ஒரே ஆள் சேச்சிதான்.

ஒரு நாள் அவர் மீனோடு தெரு வழியாகப் போனபோது நிறுத்திக் கேட்டேன். சேச்சி கொஞ்சம் தயங்கினார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இவிடெ வெள்ளத்தினு ஒரு மணமுண்டு, மோளே."

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். மணம் என்றால் எந்த வாடையும் மணம்தான். நாற்றம் என்று ஒரு சொல் அந்த மொழியிலும் இருக்கிறது. என் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நான் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எந்த ஹோட்டல்காரன் குழாயைத் திருப்பிவிட்டிருக்கிறான் என்று பார்ப்பதற்காக வலைக்கழியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

நீர் வடிந்துகொண்டிருந்தது. படிக்கட்டின் இடப்பக்கம், எங்கள் சுவரின் அடியில், செங்கல்லுக்கு இடையே ஓர் ஈரக்கோடு கசிந்து காயலுக்குள் இறங்கியது. அந்தச் சுவருக்கு அந்தப்புறம் எங்கள் கக்கூஸ் குழி. அடியில்லாத பழைய உறைக்குழி, வீடு கட்டிய நாளிலிருந்து இருப்பது. நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். வேலி ஏறும்போது காயல் எங்கள் குழிக்குள் வருகிறது, அதனால்தான் குமிழி. வந்த தண்ணீர் வேலி இறங்கும்போது சும்மாவா போகும்? இத்தனை வருஷமாக அந்தக் களகள சத்தத்தைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம், அது திரும்பிப் போவதைப் பற்றி யாரும் ஒரு நிமிஷம் யோசித்ததில்லை.

ஊருக்குத்தானடி உபதேசம் என்று சொல்வார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒரே நாளில் ஒரே படிக்கட்டில் எனக்குக் கிடைத்தன. எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் வலைக்கழியைத் தூக்கிச் சுவரோரம் எறிந்தேன்.

கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுநாளே ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தார். தேனிப் பக்கத்துக்காரர், எறணாகுளத்தில் வீடு கட்டும் வேலை. அவர் மனையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொன்னார். "பின்னாடி இருக்குற குழிய மூடிறணும்மா. கசியாத தொட்டியா, மேடான எடத்துல வைக்கணும். தண்ணி எட்டக் கூடாது. இந்த மனையில மேடுன்னா அந்தா, அந்த மூலை ஒண்ணுதான்."

அவர் காட்டியது தெருப்பக்கம், தென்மேற்கு மூலை. நானும் கணவரும் படுக்கும் முன்னறையின் ஜன்னலுக்கு வெளியே. வடமேற்கில் குடிதண்ணீர்த் தொட்டி பூமிக்கடியில் இருப்பதால் அங்கே முடியாது. கழிவறையையும் முன்னறையை ஒட்டிப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்றார் மேஸ்திரி. எல்லாம் சரியாக வந்தது. பின்னறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமனார் ஒரே வார்த்தை சொன்னார்: "கன்னிமூலை."

தென்மேற்குக்கு இங்கே கன்னிமூலை என்று பெயர். வாஸ்து பார்த்துக் கட்டும் வீடுகளில் அந்த மூலையை உயர்த்தி, சுத்தமாக வைப்பார்கள். அங்கே குழி இருக்கக்கூடாது, அதுவும் மலக்குழி கூடவே கூடாது. இருந்தால் அந்த வீட்டுக் கிருஹநாதனுக்கு, அதாவது குடும்பத் தலைவனுக்கு, ஆயுசு நிற்காது என்பது நம்பிக்கை. அந்த மூலை மேடாக இருந்ததே அதனால்தான். நீர் எட்டாத இடம் வேண்டுமென்று நாங்கள் தேடிப் போய் நின்றது, அசுத்தம் எட்டக்கூடாது என்று ஒதுக்கி வைத்த இடத்தில்.

மேஸ்திரி போனபிறகு மாமனாரிடம் போனேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கன்னிமூலையில மலத்தொட்டி வெச்சா கிருஹநாதனுக்காக்கும் தோஷம். இப்போ கிருஹநாதன் யாரு? அவன். பிள்ளைன்னு எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்."

அவருக்கு இரண்டு மகன்கள் இருந்தார்கள். மூத்தவர் பதின்மூன்று பதினாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது அவர்கள் இருந்த வாடகை வீட்டில் கன்னிமூலையில் குழி இருந்ததாம். எல்லாம் முடிந்த பிறகு யாரோ வந்து அதைச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. அதன் பிறகுதான் அவர் கடன்பட்டு, மூலை மூலையாகப் பார்த்து இந்த வீட்டைக் கட்டினார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். "காய்ச்சல் மூலையிலேர்ந்தா வரும்? அழுக்குத் தண்ணியிலேர்ந்து வரும். அந்தச் சேச்சி கயித்தைப் பல்லுல கடிச்சுண்டு குந்தறா. அவ வாய் எங்க இருக்கு, நம்ம சுவர் எங்க கசியறதுன்னு பாத்தேளா?"

நான் சமையலறைக்குப் போய் பாத்திரங்களைச் சத்தம் வரும்படி தேய்த்தேன். சாயங்காலம் அவர் மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "செய்யறதானா செய்யுங்கோ. நான் திருப்பூணித்துறைக்குப் போறேன். கண்ணால பாத்துண்டு என்னால இங்க இருக்க முடியாது."

திருப்பூணித்துறையில் நாத்தனார் இருக்கிறாள். உயரமான அடுக்குமாடியில் நல்ல வீடு. அங்கிருந்து பார்த்தால் மெட்ரோவும் மொட்டைமாடிகளும் தெரியும். தண்ணீர் தெரியாது. இரண்டு நாள் அங்கே தங்கினாலே மூன்றாம் நாள் மூச்சுமுட்டுகிறது என்று திரும்பிவிடுவார். கணவர் என்னிடம் தனியாகச் சொன்னார். "அப்பாவை நோகடிச்சு எனக்கு ஒரு தொட்டியும் வேண்டாம். அடுத்த வருஷம் பாக்கலாம்." எனக்கு அவரைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு பக்கம் ஒரு கிழவரின் பயம். இன்னொரு பக்கம் ஒரு பெண்ணின் வாய். அடுத்த வருஷம் என்று சொல்லும்போதும் தினம் இருமுறை வேலி ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாரம் வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மாமனார் மட்டும் காலையில் நீர் வடியும் நேரத்தில் ஜன்னலைவிட்டு எழுந்து, கைத்தடியோடு பின்படிக்குப் போய் நின்றார். முதல் நாள் சுவரைப் பார்த்தார். மறுநாள் தூரத்தில் பண்டகசாலை ஓரம் மிதந்த பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வலைக்கழியோடு இறங்கியபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மணம் உண்டுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்கடுத்த நாள் காப்பி நேரத்தில் அவராகப் பேச்செடுத்தார்.

"நான் முன்னறைக்கு மாறிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பின்னறைக்கு வந்துடுங்கோ."

எங்களுக்குப் புரியவில்லை.

"கன்னிமூலை அறையில படுக்கறவனாக்கும் கிருஹநாதன்" என்றார். "இத்தனை நாள் அவன் படுத்துண்டிருந்தான். இனிமே நான் படுத்துக்கறேன். தோஷம் வந்தா கிருஹநாதனுக்கு வரட்டும். எனக்கு வயசாச்சு, அதுக்கு என்ன பெரிசா எடுத்துண்டு போக முடியும்?"

"அப்பா, இதெல்லாம் ஒண்ணும் கிடையாதுப்பா" என்றார் கணவர்.

"உனக்கு இதுலெல்லாம் விச்வாசம் இல்லையோல்லியோ? பின்னே என்ன? நான் எங்க படுத்தா உனக்கென்ன? காப்பியைக் குடி."

எனக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்பா, ஜன்னல்?"

"அங்கேயும் ஜன்னல் உண்டு, கொழந்தே. ஆட்டோ போறது தெரியும்."

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அழுதேன். சண்டையில் ஜெயித்துவிட்டு அழுதது அது ஒரு தடவைதான்.

வேலை முடிய மழைக்காலம் நெருங்கிவிட்டது. லாரி வந்து பழைய குழியை உறிஞ்சி எடுத்துப்போனது. குழியை மண்ணும் சிமெண்டும் போட்டு அடைத்தார்கள். சுவரின் அடியைப் பூசினார்கள். சமையலறைத் தண்ணீரும் காயலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குழாயையும் சேர்த்துத் திருப்பச் சொன்னேன். கன்னிமூலையில் தொட்டி இறங்கிய அன்று மாமனார் முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். மூடி போட்டு மண் பரப்பியபின்தான் வெளியே வந்தார். அன்றிலிருந்து சந்தியா வேளையில் அந்த மூடிமேல் ஒரு அகல் வைக்கிறார். மலத்தொட்டிக்கு விளக்கு ஏற்றும் வீடு கொச்சியில் இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நான் கேலி செய்தேன். "ஐசுவர்யம் எங்கேர்ந்து வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இருட்டுவதற்குள், "அவன் வந்தாச்சா?" என்று கேட்பார். கணவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

எங்கள் ஒரு தொட்டியால் காயல் கங்கையாகிவிடாது. கரை நெடுக எத்தனையோ பழைய குழிகள், எத்தனையோ குழாய்கள். ஆனால் நான் இப்போது படியில் நின்று கத்துவது குறைந்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால் வீட்டுக்குக் கூட்டி வந்து, சாயா கொடுத்து, மூடிய குழியைக் காட்டிப் பேசுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மேஸ்திரியை விசாரித்திருக்கிறார்.

விருச்சிகம் வந்தது. நீர் வழக்கம்போல் படியேறி, பின்வாசல் தாண்டி, சமையலறைத் தரையை நனைத்தது. பேச வீட்டில் பழைய கக்கூஸ் இல்லை. முன்னறையிலிருந்து, "வேலி கேறியாச்சா?" என்று குரல் வந்தது. அவருக்கு இப்போது யாராவது சொன்னால்தான் தெரியும். "கேறியாச்சுப்பா" என்றேன். "விளக்குமாறு எடுத்தாச்சா?" என்றார். எடுத்திருந்தேன், தண்ணீரைத் தள்ள.

பிறகு ஒரு காலை, பின்னறைக் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் சலசலத்தது. எட்டிப் பார்த்தால் சேச்சி. எங்கள் படியோரம், மோவாய் தண்ணீரில், பல்லில் கயிறு. நான் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் போய்விடுவாரோ என்று இருந்தது. சிறிது நேரம் தடவிக்கொண்டிருந்தவர் ஒரு கரிமீனைப் பிடித்து, பழக்க தோஷத்தில் ஜன்னலை நோக்கித் தூக்கிக் காட்டினார். அங்கே என் முகத்தைக் கண்டதும் கயிற்றை வாயிலிருந்து எடுத்தார்.

"சார் எவிடே?"

"முன்னறையில. இப்போ அங்கேதான்."

சேச்சி மீனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தார். "சாரினெ ஒந்நு காணிக்காமோ?" சாருக்குக் கொஞ்சம் காட்ட முடியுமா என்று கேட்கிறார்.

நான் பிறந்தது முதல் மீனைத் தொட்டதில்லை. குளியலறை மக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கி, காயல் தண்ணீரை மொண்டு நீட்டினேன். சேச்சி மீனை அதில் விட்டார். அது ஒரு தரம் சுழன்று அடங்கியது. இரண்டு கையாலும் மக்கைப் பிடித்துக்கொண்டு, சமையலறை தாண்டி, சாமி மாடம் தாண்டி, வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன்.

மாமனார் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மக்கை முன்னால் நீட்டியதும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே பார்த்தார்.

"எங்கே பிடிச்சா?"

"நம்ம படியில."

அவர் குனிந்து, மூக்கு தண்ணீரில் படும் அளவுக்குக் கிட்டே போய், மூச்சை இழுத்தார். மறுபடியும் ஒரு தரம் இழுத்தார்.

"மணமில்லே" என்றார். பிறகு மக்கை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். "பேஷ்னு சொன்னேன்னு சொல்லு. சீக்கிரம் கொண்டுபோய்க் குடு, அவ தண்ணியில காத்துண்டிருப்பா."